ஆளரிசி

1943ஆம் ஆண்டு தொடக்கத்தில், கெடா மாநிலத்துப் பீடோங்கை அடுத்து, ரப்பர் மரங்கள் நிறைந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், ஒரே காலையில் பல பையன்களுக்கு வயது கூடியது.

ஜப்பானியர்கள் அரிசிப் பங்கீட்டை மறுபடியும் குறைத்திருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஆண்களுக்கு ஓர் அளவு. மற்றவர்களுக்கு அதில் பாதி. முதலாவதைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மக்கள் ஆளரிசி என்றார்கள், இரண்டாவதைப் பிள்ளையரிசி என்றார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி முருகையா வீடு வீடாக வந்து வயது கேட்டார். பெரும்பாலான வீடுகளில் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. பெரிய வெள்ளம் வந்த வருஷம், பழைய துரை சீமைக்குப் போன வருஷம் என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கை அன்று எல்லாரும் கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்தார்கள். மீசை அரும்பாத பையன்கள்கூடப் பதினெட்டைத் தொட்டார்கள்.

"அழகேசனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க கிராணியாரே" என்றாள் மருதம்மாள்.

"யாரு, இங்கிலீசு பள்ளிக்கூடத்துக்கு அரைச் சிலுவார் போட்டுக்கிட்டுப் போறானே, அவனுக்கா?"

"சிலுவார் பள்ளிக்கூடத்து வழக்கமுங்க. வயசு பதினெட்டு."

"போன வருசத்துக்கு முந்தின வருசம் திருவிழாவுல முட்டாயி கேட்டு அழுதானே?"

"அது பக்கத்து வீட்டுப் பயலுங்க."

முருகையா சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் பசியோடுதான் இருந்தார்கள். அந்த வாரத்திலிருந்து மருதம்மாள் வீட்டுக்கு இரண்டு ஆளரிசி கிடைத்தது. ஒன்று அவள் புருஷன் பழனியாண்டிக்கு; இன்னொன்று அழகேசனுக்கு. பழனியாண்டியின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு புண் ஆறாமல் இருந்தது. மருந்து இல்லை. அவன் நின்றுகொண்டே செய்யும் வேலை எதையும் அரை நாளுக்கு மேல் செய்ய முடியவில்லை. கீழே இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். மகன் பெயரில் கூடுதலாக வந்த அரிசிதான் அந்தப் பிள்ளைகளின் கஞ்சி.

அழகேசனுக்கு அப்போது பதினைந்து வயது.

அந்தத் தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணியில் இருந்த ஆங்கில உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் பையன் அவன். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, பரீட்சை எழுதி, சம்பளம் இல்லாமல் படிக்கும் சலுகை பெற்றுப் போனவன். போருக்கு முன் இரண்டு வருஷம் தொடர்ந்து வகுப்பில் முதல் மாணவன். பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். பள்ளி சில மாதம் மூடிக்கிடந்தது. மறுபடி திறந்தபோது ஆங்கிலம் போய் நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி வந்திருந்தது. வகுப்பில் பாதிக்கும் குறைவான பிள்ளைகளே திரும்பி வந்தார்கள். பெண்கள் பள்ளிக் கட்டடத்தில் பட்டாளம் தங்கியிருந்ததால், திரும்பி வந்த மாணவிகள் மூன்று பேரும் பையன்களோடு உட்காரவைக்கப்பட்டார்கள். அதில் இரண்டு பேர் சீன அக்கா தங்கைகள். மூன்றாவது, பீடோங் பக்கத்து மருத்துவமனையில் டாக்டருக்கு உதவும் டிரெஸ்ஸரின் மகள் குணவதி.

குணவதி வந்த முதல் மாதமே வகுப்பில் முதல் இடத்தைப் பிடித்தாள். அடுத்த மாதம் அழகேசன் அதைத் திரும்ப வாங்கினான். அதன் பிறகு அது மாதாமாதம் கைமாறியது. காகிதம் கிடைக்காத காலம். போருக்கு முந்தைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினார்கள். ஒரு பக்கம் சிவப்பு மசியில் பழைய மதிப்பெண். மறுபக்கம் ஜப்பானியக் கட்டகானா எழுத்து. ஒருநாள் அழகேசன் கைக்கு, பெண்கள் பள்ளியிலிருந்து வந்த காகிதக் கட்டிலிருந்து, குணவதியின் பழைய அல்ஜிப்ரா தாள் வந்து சேர்ந்தது.

"அறுபத்தெட்டுதானா?" என்றான்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்றாள் அவள்.

"கணக்குக்குமா காய்ச்சல்?" என்றான் பக்கத்தில் இருந்த ஜைனல். பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த மீரா சாகிபுவின் மகன். வகுப்பில் கடைசி இடம் அவனுடையது. அதை யாரும் அவனிடமிருந்து பறித்ததில்லை. "என்னைப் பாரு லா. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் வராட்டியும் ஒரே மார்க்கு."

பாடம் நடத்தியவர் மனோகரன். இளம் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ராணுவ முகாமில் தான் கற்றுக்கொண்டதைத் திங்கட்கிழமை இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். செவ்வாய்க்கிழமைக்குள் அழகேசனும் குணவதியும் அவரைத் தாண்டிவிடுவார்கள். காலையில் கிழக்கு நோக்கி வணக்கம், அதன் பின் உடற்பயிற்சி, அதன் பின் பாட்டு, அதன் பின் பாடம், மதியம் பள்ளித் தோட்டத்தில் வள்ளிக்கிழங்குப் பாத்தி. குணவதி வகுப்புத் தலைவி. எழுந்திருக்கவும் குனியவும் உட்காரவும் அவள்தான் குரல் கொடுப்பாள். அவள் குரலில் பயம் இருக்காது. அதனால் பார்வையிட வரும் ஜப்பானிய அதிகாரிகளுக்கு அந்த வகுப்பைப் பிடிக்கும்.

சனிக்கிழமைகளில் நன்னெறி வகுப்பு. அரிசிப் பங்கீட்டில் பொய் சொல்கிறவன் ராணுவத்துக்கு எதிரி என்று மனோகரன் ஒரு வாக்கியம் எழுதிப்போட, எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அது வெறும் வாக்கியம் இல்லை என்பது மார்ச் மாதம் தெரிந்தது. அழகேசனின் தோட்டத்து மேல் டிவிசனில் சின்னையா என்பவர், செத்துப்போன தன் தாயின் பெயரில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அவரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. குணவதியின் அப்பாதான் மருத்துவமனையில் பார்த்தார். சின்னையா அந்த வாரமே இறந்துபோனார்.

அந்தச் சனிக்கிழமை மனோகரன் இதைப் பற்றி யாராவது பேசுங்கள் என்றார். கட்டளை மேலிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. குணவதி எழுந்தாள். அடித்துக் கொன்றது பாவம் என்று அவளுக்குத் தெரியும். அதை அங்கே சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனையில் அரிசி இல்லாமல் நோயாளிகள் கிடப்பதையும் அவள் பார்த்திருந்தாள். "ஒருவர் கூடுதலாக எடுக்கும் அரிசி இன்னொருவரின் உயிர்" என்று நிப்பொங்கோவில் சொன்னாள். இலக்கணம் சுத்தமாக இருந்தது. மனோகரன் கைதட்டச் சொன்னார்.

அழகேசனும் கைதட்டினான். அவள் பேசினால் ஒரு பிழையாவது கண்டுபிடித்துச் சொல்வது அவன் வழக்கம். அன்று எதுவும் சொல்லவில்லை. அவன் வீட்டு அரிசியைப் பற்றி வகுப்பில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு, தெரிய வேண்டாம் என்று அவன் முடிவு செய்துகொண்டான். குணவதிக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில், சக்கரவர்த்தியின் பிறந்தநாளை ஒட்டி, அலோர் ஸ்டாரில் மாநிலப் பேச்சுப் போட்டி. பதினாறு வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு. பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்த மாதம் முதல் இடம் குணவதியுடையது. ஆனால் மேடையில் பெண்பிள்ளை வேண்டாம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் இடைவேளையில் அழகேசனின் முன்னால் வந்து நின்றாள்.

"எழுதினதைக் காட்டு."

"எதுக்கு?"

"தோத்துட்டு வந்தேன்னா எனக்குத்தான் அவமானம். உன்னைவிட நான் நல்லாப் பேசுவேன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். காட்டு."

தலைப்பு 'எங்கள் வகுப்பு.' அவன் எழுதியிருந்ததில் பாதியை அவள் அடித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஒரே பென்சிலை மூன்றாக ஒடித்துப் பங்குபோட்டுக்கொள்ளும் வகுப்பு. தமிழும் மலாயும் சீனமும் வீட்டில் விட்டுவிட்டு வந்து ஒரே மொழியில் தடுமாறும் வகுப்பு. கடைசி இடத்தில் இருக்கும் பையன்தான் எல்லாரையும் சிரிக்கவைக்கிறான். ஜைனல் இதைக் கேட்டுவிட்டு, "என் பேரைச் சொல்லு லா, பயமா?" என்றான். பள்ளி முடிந்து பீடோங் சடக்கில் மூவரும் சைக்கிளில் வரும்போது அழகேசன் உரக்கப் பேசிக்கொண்டே வருவான். டயருக்குள் ட்யூப் கிடையாது, கயிறு திணித்த சக்கரம். அது கடகடவென்று போடும் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று குணவதி சொல்லியிருந்தாள். பின்னால் ஜைனல் ஜப்பானிய அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டுவான்.

அழகேசன் முதல் பரிசு வாங்கினான். ஒரு சட்டைக்கான காக்கித் துணி, ஒரு பொட்டலம் உப்பு. பரிசு கொடுத்த அதிகாரி, பதினைந்தே வயதில் இப்படிப் பேசும் மாணவன் கெடாவுக்குப் பெருமை என்றார். டிசம்பர் மாதம் பினாங்கில் ஆசிரியர் பயிற்சி தொடங்குகிறது, இவனைத் தேர்வுக்கு அனுப்புங்கள் என்று மனோகரனிடம் சொன்னார். தேறிவிட்டால் சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, அரிசி உண்டு. ரயிலில் திரும்பும்போது மனோகரன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் கரையேறிவிட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

துணைக்குக் கூட்டிப்போயிருந்த ஜைனலிடம் அழகேசன் மெதுவாகச் சொன்னான்: "தோட்டத்துல யாருகிட்டயும் பேசிக்காத. போட்டி, வயசு, எதுவும்."

"ஏன்டா, கண்ணு பட்டுருமா?"

"ஆமான்னு வச்சுக்கோ."

ஜைனல் அதை ஒரு தற்பெருமையாக எடுத்துக்கொண்டு, மறுநாள் குணவதியிடம் சொல்லிச் சிரித்தான்.

ஜூன் மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. முன்பே இரண்டு முறை ஆள் எடுத்திருந்தார்கள். அப்போது விருப்பப்பட்டவர்களைக் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஒரே ஒருவன் எப்படியோ தப்பி வந்து, குணவதியின் அப்பா இருந்த மருத்துவமனையில் கிடந்தான். காடு, மழை, காலரா, செத்தவர்களைக் குழியில் தள்ளுவது என்று அவன் சொன்னதை அப்பா வீட்டில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

இம்முறை விருப்பத்தைக் கேட்கவில்லை. யார் யார் வேலைக்குரிய ஆண்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. லயத்து மக்களே வயதைச் சொல்லி அரிசி வாங்கியிருந்தார்கள். இரண்டு ஆண்கள் ஆளரிசி வாங்கும் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்பதுதான் உத்தரவு. ஒரே ஆண் உள்ள வீட்டைத் தொட மாட்டார்கள்.

லயத்தில் அன்று மாலை அடுப்பு எரியவில்லை.

"நான் போறேன்" என்றான் பழனியாண்டி. "என் பேருலயும் ஆளரிசிதானே வாங்குறோம்."

முருகையா வாசலிலேயே நின்றார். "புண்ணுக் காலை எடுக்க மாட்டான் அண்ணே. கீழ் டிவிசன்ல நொண்டிக்கிட்டு வந்தவங்களை எல்லாம் நேத்தே திருப்பி அனுப்பிட்டான். வேற ஆளைக் கேக்குறான்."

"அப்ப உண்மையைச் சொல்லிடுறேன்" என்றாள் மருதம்மாள். "அவன் பச்சப்புள்ள. வயசு பதினஞ்சு. நான்தான் பொய் சொன்னேன்னு சொல்றேன்."

"பதினஞ்சுன்னா, இத்தனை மாசமா அந்த அரிசியை யாரு தின்னான்னு கேப்பான்."

"என் புள்ளைங்கதான் தின்னுச்சு. என்னைக் கொண்டுபோகட்டும்."

"உன்னைக் கொண்டுபோக மாட்டான் தாயி. வீட்டு ஆம்பளையைக் கொண்டுபோவான். அளந்து குடுத்த என்னைக் கொண்டுபோவான். சின்னையாவைப் பாத்தேல்ல?"

அழகேசன்தான் பேசினான். "மூணு மாசம்தானேம்மா. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். பினாங்கு தேர்வு டிசம்பர்லதான். அதுக்குள்ள வந்துருவேன்."

அவன் அதை நம்பினானா என்பது தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் சொன்னான்.

அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வராததற்குக் காரணத்தை ஜைனல் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். அப்பாவின் கடைக்கு வந்த தோட்டத்து ஆள் ஒருவர் பெயர்களைச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை லாரி வருகிறது. மதிய இடைவேளையில், கிழங்குப் பாத்தி ஓரத்தில், அவன் இதைச் சொன்னபோது குணவதிக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"தப்பாப் பேரு எழுதியிருக்காங்க. அவனுக்குப் பதினஞ்சு. பதினெட்டுக்கு மேலதான எடுக்கணும்?"

"அதான் நானும் சொல்றேன்."

"அப்ப போய்ச் சொல்ல வேண்டியதுதான. அவனுக்குப் பேசத் தெரியாதா? கெடாவுலயே அவன்தான் முதல்ல வந்தான்."

"பயந்துட்டானோ என்னவோ."

"நாம போவோம்."

மனோகரனிடம் போனார்கள். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "நீ சொல்றது சரிதான் குணவதி. போட்டி முடிவு அலுவலகத்துல இருக்கு. அதைச் சொன்னா விட்டுடுவான். மாணவர்னா அவங்களுக்கு ஒரு மதிப்பு உண்டு."

"நீங்க வர்றீங்களா சென்செய்?"

"நான் வந்தா என்னையும் ஏத்திக்கிட்டுப் போவான்மா. எனக்கும் வயசு இருக்கு." பிறகு, அதற்காக மன்னிப்புக் கேட்பவர்போல, அதிகாரியிடம் எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு அது அவரைவிட நன்றாகவே தெரியும். இருந்தாலும் நின்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளித்தோட்ட வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவள் அப்பாவின் சைக்கிளை எடுத்தாள். உண்மை தெரிந்திருந்தால் அம்மா வெளியே விட்டிருக்க மாட்டாள். பட்டாளத்துக்குப் பயந்து மகளின் கூந்தலைப் பையன்கள்போல வெட்டிவிட்டவள் அவள். ஜைனல் சடக்கு முனையில் காத்திருந்தான். வழியெல்லாம் குணவதி தான் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று வாக்கியங்கள். பிழையே இல்லை.

தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் இருந்த திடலில் இரண்டு லாரிகள் நின்றன. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாய்ச்சுருள், ஒரு துணிமூட்டை. பெண்கள் வேலிக்கு அப்பால். அதிகாரி ஒரு நாற்காலியில் இருந்தார். நடு வயது, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் முருகையா நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த பையன்களில் பலரும் அழகேசனின் வயதுதான். எல்லாரும் ஆளரிசி வாங்கியவர்கள்.

சைக்கிளைப் பார்த்ததும் மருதம்மாள் ஓடி வந்தாள். குணவதியை அவள் முன்பு பார்த்ததில்லை. மகன் வாயால் கேட்டிருந்தாள்.

"குணவதியாம்மா? டிரெஸ்ஸரய்யா மகளா?"

"ஆமாம்மா. பயப்படாதீங்க. நான் பேசுறேன். அவனுக்குப் பதினஞ்சுதானே, அதைச் சொன்னாப் போதும்."

"சொல்லு தாயி, நீயாவது சொல்லு. இவன் சொல்ல மாட்டேங்கிறான். நான்தாம்மா பொய் சொன்னேன். ஆளரிசி கிடைக்கும்னு பதினெட்டுன்னு சொல்லிப்புட்டேன். இந்தப் புள்ளைங்க பசி பொறுக்கலே. சின்னையாவைக் கொன்ன மாதிரி அப்பனைக் கொன்னுருவானுங்கன்னு இவன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

குணவதி அப்படியே நின்றாள். மருதம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்னப் பெண்கள் நின்றார்கள். சற்றுத் தள்ளி, காலில் துணி சுற்றிய பழனியாண்டி, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குணா" என்றான் ஜைனல். "இப்ப என்ன லா செய்யிறது?"

அவள் பதில் சொல்வதற்குள் அதிகாரி அவர்களைப் பார்த்துவிட்டார். பள்ளிச் சீருடை. கையசைத்துக் கூப்பிட்டார்.

அவள் நடந்தாள். முருகையாவைக் கடக்கும்போது, அவர் உதடு அசையாமல் தமிழில் சொன்னார்: "பாத்துப் பேசு தாயி. அவன் வீடு, என் வீடு, ரெண்டு வீடு இருக்கு."

அவள் குனிந்து வணங்கினாள். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "ஐயா, மன்னிக்க வேண்டும். நாங்கள் சுங்கைப் பட்டாணிப் பள்ளியின் மாணவர்கள். இங்கே எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இந்தச் சேற்றுத் திடலில் இப்படி ஒரு நிப்பொங்கோவை அவர் எதிர்பார்க்கவில்லை. "நன்றாகப் பேசுகிறாய். யார் அந்த மாணவன்?"

அவள் கையைக் காட்டவில்லை. அழகேசன் தானே எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். போட்டிக்குப் போன அதே சட்டை. குனிந்து வணங்கினான்.

"நீயும் பேசுவாயா?"

"கொஞ்சம் பேசுவேன், ஐயா."

"பள்ளி மாணவனா? உன் வயது என்ன?"

"பதினெட்டு, ஐயா."

உச்சரிப்பு தெளிவாக இருந்தது. அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான கழுத்து, மழுமழுவென்ற முகம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு குணவதியின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. மகள்களைப் பெற்றவராகவும் இருக்கலாம்.

"உன் வகுப்பில் படிக்கிறவன் என்கிறாய். நீ சொல். இவனுக்குப் பதினெட்டு வயதா?"

அழகேசன் அவளைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் மூச்சு நின்றிருந்தது அவளுக்குத் தெரிந்தது. வேலிக்கு அப்பால் மருதம்மாள் இரண்டு கையையும் கூப்பியபடி, ஒரு வார்த்தையும் புரியாமல், குணவதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம், ஐயா" என்றாள் குணவதி. "பதினெட்டு வயது. வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவன்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. பொய் நிற்க வேண்டுமே என்று அவளே சேர்த்துச் சொன்னாள்.

அதிகாரி தலையசைத்தார். சிரித்தார். அழகேசனின் தோளில் தட்டி, இவ்வளவு பேருக்கும் மொழி தெரிந்த ஒருவன் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்றார். ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை எடுத்து அவன் கையில் கட்டச் சொன்னார். மொழிபெயர்ப்பாளன். லாரியில் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடம்.

அழகேசன் குனிந்து நன்றி சொன்னான். திரும்பும்போது, தமிழில், உதட்டுக்குள், "நல்லாச் சொன்னே" என்றான். ஒரு பாடத்தைச் சரியாக ஒப்பித்தவளிடம் சொல்வதுபோல இருந்தது.

அதிகாரி சிரித்ததையும் தோளைத் தட்டியதையும் மருதம்மாள் பார்த்திருந்தாள். "விட்டுட்டான்! விட்டுட்டான்டி!" என்று சின்ன மகளை வாரியெடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். வேறொருத்தி, "என் மவனுக்கும் சொல்லச் சொல்லேன்" என்று அழுதாள். அழகேசன் பாய்ச்சுருளை எடுத்துக்கொண்டு லாரியின் முன்பக்கத்தில் ஏறும்வரை மருதம்மாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஏன் ஏறுறான்? அவன் ஏன் ஏறுறான்? விட்டுட்டான்ல? ஏம்மா, நீ என்ன சொன்னே? அவன்கிட்ட என்ன சொன்னே?"

குணவதி அருகே வந்திருந்தாள். வாய் திறந்தது. எந்த மொழியும் வரவில்லை.

லாரியின் சன்னலிலிருந்து அழகேசன் தலையை வெளியே நீட்டினான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னான்: "அம்மா! பதினஞ்சுன்னுதாம்மா சொன்னா. நல்லாத்தான் சொன்னா. அவன்தான் ஒத்துக்கல. அவளை ஒண்ணும் சொல்லாதே."

லாரிகள் கித்தா மரங்களுக்கு இடையே போய்ச் சடக்கில் ஏறின. அன்று அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் போர் முடிந்து திரும்பியவர்கள் சிலர். அழகேசன் அவர்களில் இல்லை. பர்மா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு முகாமில், காலரா கண்டவர்களுக்கு அரிசி கேட்டு அதிகாரிகளிடம் பேசிக்கொண்டிருந்தான் என்று ஒருவர் வந்து சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

திடலில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். முருகையா அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழனியாண்டி மட்டும் குணவதியைப் பார்த்தான். மகன் எதற்காக அப்படிக் கத்தினான் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. புண்ணுக் காலை இழுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தான்.

"குணா, போலாம்" என்றான் ஜைனல்.

அதற்குள் மருதம்மாள் எழுந்து வந்து குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நீ என்னம்மா செய்வே. பொம்பளப் புள்ளையா தனியா அவன் முன்னால போய் நின்னு எம்புள்ளைக்காகப் பேசுனியே. பெத்தவ எனக்கு அந்தத் தைரியம் வரலியே. கேக்காமப் போனது அந்தப் பாவி." கையை விடாமலே வீட்டுக்கு இழுத்துப் போனாள். குணவதி கூடவே நடந்தாள்.

வீட்டில் அவித்த ஊபிக் கிழங்கு இருந்தது. மகனுக்கு வழிக்குக் கட்டிக் கொடுத்ததில் மிச்சம். மருதம்மாள் ஒரு தட்டில் இரண்டு துண்டு எடுத்து வைத்தாள். "வெறும் வயித்தோட வந்திருப்பே. தின்னும்மா."

சின்னப் பெண்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணவதி ஒரு துண்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். மருதம்மாள் அதைத் திரும்ப எடுத்து அவள் தட்டிலேயே வைத்தாள்.

"அதுங்களுக்கு அப்புறம் தர்றேன். நீ தின்னு. எம்புள்ளைக்காக வந்தவ நீ."

குணவதி தின்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். மருதம்மாள் முன்னால் உட்கார்ந்து, அவள் முழுவதும் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.